உப்பு பார்க்கிறவள்

சிரிக்க வைக்கிற கதைதான் இது. ஆனால் சிரிப்பு கடைசியில் இருக்கிறது. அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். முதலில் ஒருத்தி அழுது முடிக்க வேண்டியிருக்கிறது.

"சாமி, என் பிள்ளை கீரை தின்ன மாட்டேங்குது."

சொன்னவள் பூங்கோதை டீச்சர். ஆறாம் வகுப்பில் நாற்பத்தெட்டுப் பிள்ளைகளை ஒரே பார்வையில் வாய் மூட வைக்கிறவள். ஒரே ஒரு பிள்ளையை வாய் திறக்க வைக்க முடியாமல் இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

கேட்டவர் கரண்டிச் சாமி. மலையடிவாரத்துச் சின்ன மடத்துக்கு அவர்தான் தலைவர். அவர்தான் சமையல்காரர். பாத்திரம் தேய்ப்பதும் அவர்தான். வழிப்போக்கர்கள் முப்பது நாற்பது பேருக்குத் தினமும் மதியம் சோறு போடுவார். யாராவது உபதேசம் கேட்டால் கரண்டியை நீட்டி, "ரசம் ஊத்தட்டுமா?" என்பார். அப்படி வந்த பெயர்.

டீச்சருக்கு அவரைப் பார்த்ததும் சப்பென்று போய்விட்டது. சாமிக்கு முப்பது வயதுகூட இருக்காது. தன் வகுப்பில் பெஞ்ச் மேல் ஏறி நின்ற பையன்களில் ஒருவனாகக்கூட இருக்கலாம். தாடி வைத்திருந்தார். தாடிக்கே இன்னும் நம்பிக்கை வரவில்லை.

சாமி புளி கரைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"பிள்ளை எங்கே?"

"தூணுக்குப் பின்னாடி."

சாமி எட்டிப் பார்த்தார். தூணுக்கு இந்தப் பக்கம் ஒரு கண்ணும் ஒரு சடையும் மட்டும் தெரிந்தன.

"பேரு என்ன?"

"அல்லி. ஏழு முடியப் போகுது."

"உங்களைக் கேக்கலை டீச்சர்."

தூண் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு, "அல்லி," என்றது.

சாமி தலையாட்டிவிட்டு மறுபடியும் புளியில் கையை விட்டார்.

டீச்சர் கொட்ட ஆரம்பித்தாள். ஆளாளுக்குச் சொன்னதை எல்லாம் அவரவர் குரலிலேயே கொட்டினாள். டாக்டர் பிள்ளையின் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு? ரத்தமே இல்லையே. கீரை குடுங்க, கீரை," என்றாராம். மாமியார், "எங்க காலத்துல பிள்ளைங்க மண்ணைக் குடுத்தாலும் தின்னும். குடுக்கிற கை அப்படி," என்றாளாம். லாரி ஓட்டப் போன கணவர் நாக்பூரிலிருந்து போனில், "விடு பூங்கோதை, கல்யாணம் ஆனா தானா தின்பா," என்றாராம்.

"மிரட்டிப் பாத்தாச்சு. கெஞ்சிப் பாத்தாச்சு. பொடிசா நறுக்கித் தோசைக்குள்ள வச்சேன். பருப்புல கடைஞ்சேன். சப்பாத்தி மாவுல பிசைஞ்சேன். எல்லாத்தையும் கண்டுபிடிச்சிடுறா சாமி. போலீஸ் நாய் மாதிரி."

"எப்படி ஊட்டுவீங்க? காட்டுங்க."

"இப்பவா?"

"சும்மா, வெறுங்கையில."

டீச்சர் கூச்சத்தோடு கையைக் குவித்தாள். ஆனால் ஆரம்பித்ததும் கூச்சம் போய்விட்டது. மூன்று வருடப் பழக்கம்.

"ஆ காட்டு. ஆ... இன்னும் ஒரே வாய். துப்பினே, கொன்னுடுவேன். முழுங்கு. எங்கே, வாயைத் திறந்து காட்டு. நாக்குக்கு அடியில என்ன? முழுங்குடி!"

சாமி புளிக்கையை உதறினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆ காட்டு. ஆ... இன்னும் ஒரே வாய். துப்பினே, கொன்னுடுவேன்."

அச்சு அசல் டீச்சரின் குரல். ஏற்றம் இறக்கம்கூடப் பிசகவில்லை. டீச்சருக்கு ஒரு கணம் தான்தான் மறுபடி பேசிவிட்டோமோ என்று வாயைத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது.

தூணுக்கு இந்தப் பக்கம் தெரிந்த கண் மறைந்தது. சடையும் மறைந்தது.

சாமி கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஏழு நாள் இருக்க முடியுமா டீச்சர்?"

"காலாண்டு லீவுதான். ஒன்பது நாள் இருக்கு."

"ஏழு போதும். மிச்சம் ரெண்டு நாள் துணி துவைச்சுக்கங்க."

"நான் என்ன செய்யணும்?"

"பின்கட்டுல உக்காந்து கீரை ஆயணும். நாற்பது பேருக்கு."

"அவ?"

"அவங்க உப்பு பாக்கட்டும்."

டீச்சருக்குப் புரியவில்லை. சாமி தூணைப் பார்த்துச் சொன்னார்.

"இங்கே சமைச்சதைப் படைக்கிறதுக்கு முன்னாடி நாக்குல வைக்கிறதில்லை. உப்பு எல்லாம் என் கண் அளவுதான். படைச்சு மணி அடிச்ச பிறகு ஒருத்தர் உப்பு பாக்கணும். அவங்க சரின்னு சொன்னாத்தான் பந்தி உக்காரும். இல்லேன்னா நாற்பது பேரும் பட்டினி."

"இதுவரைக்கும் யாரு பாத்தா?" என்று தூண் கேட்டது.

"ஒரு பூனை இருந்துச்சு. கருவாடு இல்லாத வேலை வேண்டாம்னு போயிடுச்சு."

தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெளியே வந்து, அம்மாவைப் பார்த்ததும் திரும்ப உள்ளே ஓடிவிட்டது.

"இன்னொண்ணு டீச்சர். ஏழு நாளைக்கு ‘சாப்பிடு’ங்கிற வார்த்தை உங்க வாயில வரக் கூடாது."

"வேற எப்படிச் சொல்றது?"

"சொல்லாம."

"சரி."

"அடுப்படிக்குள்ளேயும் வரக் கூடாது."

"ஏன் சாமி, மடத்துச் சட்டமா?"

"ஆமா. இப்பத்தான் போட்டேன்."

பின்கட்டுக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். புகை போவதற்குச் சுவரில் ஒரு ஓட்டை இருந்தது. ஆள் உயரத்துக்கும் மேலே. கண்ணுக்கு எட்டாது. காதுக்கு எட்டும்.

முதல் நாள் சிறுகீரை. டீச்சர் மலைபோல் குவித்து ஆய்ந்து கொடுத்தாள். உள்ளே தாளிக்கும் சத்தம் கேட்டது. மத்து உருளும் சத்தம் கேட்டது. மணி அடித்தது.

"அல்லியம்மா, உப்பு பாக்க வாங்க."

‘வாங்க’வா? டீச்சர் காதைத் தீட்டிக்கொண்டாள்.

சின்னக் காலடிகள்.

"கையை நீட்டுங்க. சூடு. ஊதிக்கங்க."

டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இப்போது துப்பப் போகிறாள். சாமியின் வேட்டி மேலேயே துப்பப் போகிறாள். அவளுக்குத் தெரியாதா தன் பிள்ளையை?

துப்புகிற சத்தம் வரவில்லை.

"எப்படி இருக்கு?"

வெகு நேரம் பதில் இல்லை. சாமி மறுபடி கேட்கவும் இல்லை. காத்திருந்தார் போலிருக்கிறது.

"பத்தல," என்றது சின்னக் குரல்.

"என்ன பத்தல?"

"உப்பு."

ஜாடி மூடி ‘டக்’ என்று திறந்தது. ‘டக்’ என்று மூடியது. கரண்டி ஒரு சுற்றுச் சுற்றியது.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம் பத்தல."

டக். டக். கரண்டி.

"இப்ப எப்படி இருக்கு?"

"ம்ம்... சரியா இருக்கு."

"பந்தி உக்காரலாமா?"

"உக்காரலாம்."

நாற்பது பேர் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். டீச்சர் பிள்ளைக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்தாள். அல்லியின் இலையில் சாமி சோறு வைத்தார், சாம்பார் ஊற்றினார், கீரை வைத்தார். அல்லி சோற்றைக் கொஞ்சம் அளைந்தாள். கீரையை விரலால் இலையின் ஓரத்துக்குத் தள்ளினாள். எழுந்துவிட்டாள்.

டீச்சரின் வாய்க்குள் அந்த வார்த்தை வந்து பல்லில் முட்டிக்கொண்டு நின்றது. தண்ணீரைக் குடித்து உள்ளே தள்ளினாள்.

‘ஒரே நாளில் நடந்துவிடுமா?’ என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ‘நுனி நாக்கில் தொட்டிருப்பாள். உப்பு பார்ப்பதெல்லாம் சாப்பிட்ட கணக்கா?’

இரண்டாம் நாள் முருங்கைக்கீரை. கொத்துக் கொத்தாகக் கட்டிப் போட்டிருந்தார் சாமி. டீச்சர் ஒவ்வொரு ஈர்க்காகப் பிடித்து உருவினாள். உருவி உருவி விரல் நுனி கறுத்தது. நகக்கண் எரிந்தது. பாதி மலை அப்படியே இருந்தது.

சாயங்காலம் சாமி வந்தார். மிச்சமிருந்த கொத்துகளை அள்ளினார். ஈர வேட்டி ஒன்றில் இறுகச் சுற்றினார். மூலையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் வந்து மூட்டையை அவிழ்த்தார். ஒரு கொத்தைப் பிடித்து லேசாக உதறினார். இலை அத்தனையும் பொலபொலவென்று உதிர்ந்தது. வெறும் ஈர்க்கு மட்டும் கையில் நின்றது.

டீச்சர் எழுந்து நின்றுவிட்டாள். உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"புரிஞ்சிடுச்சு சாமி!"

"என்ன?"

"பிடிச்சு இழுக்கக் கூடாது. விட்டுடணும். விட்டுட்டா தானா உதிரும். என் பிள்ளை விஷயத்திலயும் நான்..."

"அது தெரியாது டீச்சர்," என்றார் சாமி. "இது முருங்கைக்கீரை ஆயுற வழி. கை வலிக்காது."

போய்விட்டார்.

இருந்தாலும் டீச்சர் அன்று பந்தியில் முருங்கைக்கீரை வழியையே பிள்ளையிடமும் முயன்று பார்த்தாள். முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டாள். இழுக்கவில்லை. விட்டுவிட்டாள். சாப்பிட்டு முடித்துத் திரும்பிப் பார்த்தாள்.

கீரை இலையின் ஓரத்தில் இருந்தது. முழுசாக.

நான்காம் நாள் மணத்தக்காளி.

"எப்படி இருக்கு அல்லியம்மா?"

"கசக்குது."

‘ஆச்சு,’ என்று டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். ‘இனி அந்தப் பக்கமே போகமாட்டாள்.’

"எங்கே கசக்குது? முன்னாடியா, பின்னாடியா?" சாமியின் குரலில் அவசரமே இல்லை.

"பின்னாடி. தொண்டைகிட்ட."

"அப்ப முன்னாடி?"

"முன்னாடி... இருங்க. இன்னும் கொஞ்சம் போடுங்க. மறந்துட்டேன்."

கரண்டி.

"முன்னாடி தேங்காய். அப்புறம் பூண்டு. அப்புறம்தான் கசக்குது. ஆனா உப்பு பத்தல."

டக். டக்.

"இப்ப?"

"கொஞ்சமாப் போட்டா நாக்குக்குத் தெரியல சாமி. கரண்டி நிறையப் போடுங்க."

"மன்னிக்கணும் அல்லியம்மா. இந்தாங்க."

"இன்னும் பத்தல."

டக். டக்.

"பத்தல."

டீச்சருக்கு ஆத்திரமாக வந்தது. ஐந்து தடவை, ஆறு தடவை பத்தல என்கிறது பிள்ளை. ஒரு கீரைக்கு உப்புப் போடத் தெரியாத ஆளை நம்பி இரண்டு பஸ் மாறி வந்தோமே! அதிலும் இவள் குரலில் எத்தனை அதிகாரம். மாமியார் தோற்றாள்.

ஆனால் பந்தியில் கீரையை வாயில் வைத்தபோது உப்பு அளவாகத்தான் இருந்தது. அத்தனை தடவை போட்டும் கரிக்கவில்லை. ‘பிள்ளையின் நாக்கு நல்ல நாக்கு,’ என்று டீச்சர் மனதுக்குள் பெருமைப்பட்டாள். ‘அந்த நாக்கில் ஒரு வாய் கீரை இறங்கினால் போதுமே.’

எதிரே அல்லி கீரையை இன்று தள்ளக்கூட இல்லை. இலையையே பார்க்கவில்லை.

"பசிக்கல," என்று எழுந்து போனாள்.

பந்தி முடிந்து மடமே கண்ணயர்ந்த மத்தியான வேளையில் டீச்சர் பிள்ளையைத் தேடிப் போனாள். அல்லி மண்டபத்தில் வெறுந்தரையில் தூங்கிக்கொண்டிருந்தாள். வலது கை விரிந்து கிடந்தது. உள்ளங்கை ரேகைகளில் எல்லாம் பச்சை படிந்திருந்தது. பூண்டு வாசனை.

டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இந்தத் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாம். வைத்தால் விழித்துக்கொள்வாள். விழித்தால் நகர்ந்து படுப்பாள். அதனால் வைக்கவில்லை. ஒரு விரலால் அந்தப் பச்சை ரேகையை மட்டும் தொட்டாள்.

‘கை வரைக்கும் வந்துவிட்டது,’ என்று நினைத்தாள். ‘வாய்க்கும் கைக்கும் எவ்வளவு தூரம் இருக்கப் போகிறது? ஒரு சாண். அந்த ஒரு சாண் வர மாட்டேன் என்கிறதே.’

ஐந்தாம் நாள் பொன்னாங்கண்ணி. ஏழு தடவை ‘பத்தல’.

ஆறாம் நாள் அகத்தி. அதற்கு மட்டும் மூன்று தடவைதான் ‘பத்தல’. மூன்றாவது தடவை சொல்லும்போது சின்னக் குரல் கொஞ்சம் முக்கியது. ஆனால் சொன்னது.

அன்று பந்தியில் அல்லி இலை போட்டே உட்காரவில்லை. மோர் மட்டும் குடித்துவிட்டு வெளியே விளையாடப் போய்விட்டாள்.

டீச்சர் கிணற்றடிக்குப் போனாள். வாளியை உள்ளே இறக்கினாள். இறக்கிய வாளியை இழுக்காமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சாமி பாத்திரம் கழுவ வந்தார். திரும்பிப் போகவில்லை. சாம்பலை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

"ஏமாத்திட்டீங்க சாமி."

"ம்."

"ஆறு நாள் ஆச்சு. ஊர்லயாவது அடிச்சா ரெண்டு வாய் உள்ள போகும். இங்கே அதுவும் இல்லை. இன்னைக்கு இலைகூடப் போடலை. நாளன்னைக்கு டாக்டர்கிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

சாமி அண்டாவைப் புரட்டிப் போட்டார்.

"ரத்தம் குறைவுதான் சாமி. மாத்திரை இருக்கு, குடுக்கிறேன். அதுக்காக மட்டும் நான் இங்கே வரலை."

டீச்சர் ஒரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாலு வயசு வரைக்கும் நான் தட்டை எடுத்தா ஓடி வந்து மடியில உக்காருவா. என்ன சோறுன்னு பாக்க மாட்டா. கண்ணை மூடிக்கிட்டு வாயைத் திறப்பா. குருவிக்குஞ்சு மாதிரி. நான் அந்த வாயிலதான் பொய்யை வச்சேன். கீரையை மீன்னு சொன்னேன். கறின்னு சொன்னேன். இப்ப நான் தர்ற பாலைக்கூட முகர்ந்து பாத்துட்டுத்தான் குடிக்கிறா. தட்டுச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில போயிடுறா."

கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"அந்த வாயைத்தான் தேடுறேன் சாமி. கீரை என்ன பெரிய கீரை."

சாமி தேய்ப்பதை நிறுத்தினார். கையில் இருந்த சாம்பலைக் கழுவிக்கொண்டார்.

"நாளைக்கு அரிசி வாங்க நான் சந்தைக்குப் போகணும் டீச்சர். விடியக்காலையிலயே சமைச்சு வச்சிட்டுப் போயிடுவேன். நீங்க சுட வச்சுப் படைச்சு மணி அடிச்சிட்டு, அல்லியம்மாவை உப்பு பாக்கக் கூப்பிடுங்க."

"நான் அடுப்படிக்குள்ள வரக் கூடாதே?"

"அந்தச் சட்டம் இன்னையோட தீர்ந்துபோச்சு."

"சாமி, எனக்கு ஒரு வழி சொல்லிட்டுப் போங்க."

சாமி அண்டாவைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"ஜாடி இடது கைப்பக்கம் இருக்கு," என்றார்.

ஏழாம் நாள் அரைக்கீரை.

கடைந்த கீரை கல்சட்டியில் கமகமவென்று இருந்தது. டீச்சர் படைத்தாள். மணி அடித்தாள். வெளியே பந்திக்கு ஆட்கள் வந்து கால் கழுவுகிற சத்தம் கேட்டது.

"அல்லி!" என்று கூப்பிட்டாள். பிறகு யோசித்தாள். "அல்லியம்மா... உப்பு பாக்க வாங்க."

அல்லி வாசற்படியில் வந்து நின்றாள். அம்மாவைப் பார்த்தாள். கல்சட்டியைப் பார்த்தாள். ஓடிப்போவதற்கு எத்தனை அடி என்று பின்னால் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"சாமி எங்கே?"

"சந்தைக்குப் போயிருக்கார். இன்னைக்கு நான்."

டீச்சரின் வலது கை தன்பாட்டுக்குக் குவிந்து பிள்ளையின் வாய்க்கு நேரே எழும்பியது. ‘ஆ’ என்ற சத்தம் தொண்டை வரை வந்துவிட்டது. கையை இறக்கிச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"எப்படிப் போடணும்?"

"கையில," என்று அல்லி உள்ளங்கையை நீட்டினாள். முழங்கையை நன்றாகத் தள்ளி, எட்டத்திலேயே நின்று நீட்டினாள்.

டீச்சர் கரண்டி நுனியால் ஒரு துளி வைத்தாள்.

"இவ்வளவு வச்சா நாக்குக்குத் தெரியாதும்மா."

டீச்சர் கரண்டி நிறைய வைத்தாள்.

அல்லி ஊதினாள். வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடி இப்படியும் அப்படியும் மென்றாள். முழுங்கினாள். தொண்டையில் இறங்குவது தெரிந்தது.

டீச்சர் பார்த்துக்கொண்டே நின்றாள். கரண்டி கையில் இருப்பதே மறந்துவிட்டது.

"கேளும்மா."

"என்ன?"

"உப்பு பாத்தா கேக்கணும்."

"என்னன்னு கேக்கணும்?"

அல்லி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். "எப்படி இருக்குன்னு."

"எப்படி இருக்கு?"

"பத்தல."

டீச்சர் இடது கைப்பக்கம் திரும்பினாள். பெரிய பீங்கான் ஜாடி. மூடியைத் திறந்தாள். டக். உள்ளே கையை விட்டாள். உப்பு தட்டுப்படவில்லை. மணிக்கட்டு வரை விட்டாள். முழங்கை வரை விட்டாள். விரல் நுனியில் காய்ந்த பீங்கான் அடி வழுக்கியது. தூசி ஒட்டியது.

"இதுல உப்பே இல்லையேடி."

"ஆமா."

"எப்பத் தீர்ந்துச்சு?"

"தீரல. எப்பவுமே இல்ல. உப்பு அந்தா இருக்கு." அல்லி அடுப்போரத்தில் தொங்கிய கொட்டாங்கச்சியைக் காட்டினாள். "சாமி சமைக்கும்போதே அதுலேர்ந்து போட்டுடுவாரு."

"அப்ப இந்த ஜாடியிலேர்ந்து?"

"சும்மா எடுப்பாரு. சும்மா போடுவாரு."

டீச்சர் கரண்டியில் ஒட்டியிருந்த கீரையைத் தன் நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு சரியாக இருந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே எட்டிப் பாத்தேன்."

"உனக்குத் தெரியும்னு சாமிக்குத் தெரியுமா?"

அல்லி யோசித்தாள். "தெரியும்னுதான் நினைக்கிறேன். நான் சொல்லல. அவரும் கேக்கல."

"பின்னே எதுக்குடி தினமும் பத்தல பத்தலன்னு..."

டீச்சர் பாதியில் நின்றாள்.

பிள்ளையின் உதட்டோரம் பச்சையாக இருந்தது. மேல் பல்லில் ஒரு இலைத்துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. நீட்டிய உள்ளங்கை காலியாக இருந்தது. அது இன்னும் நீட்டியபடியே இருந்தது.

சிறுகீரைக்கு இரண்டு தடவை. மணத்தக்காளிக்கு ஆறு தடவை. பொன்னாங்கண்ணிக்கு ஏழு தடவை. சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொன்றுக்கும் சாமியைத் திட்டியவள் அவள்தான்.

வயிற்றுக்குள்ளிருந்து என்னவோ ஒன்று கிளம்பி மேலே வந்தது. அழுகை என்று நினைத்து வாயைப் பொத்தினாள். அழுகை இல்லை. விரலிடுக்கு வழியாகப் பீறிட்டது. நாற்பத்தெட்டுப் பிள்ளைகளில் ஒன்றுகூட அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அல்லி அம்மாவை முதலில் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு இரண்டடி முன்னால் வந்தாள்.

வெளியே யாரோ, "என்ன தாயி, பந்தி போடலாமா?" என்று குரல் கொடுத்தார்கள்.

"இருங்க! இன்னும் உப்பு பாத்து முடியல!" என்றாள் டீச்சர்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெறும் ஜாடிக்குள் மறுபடியும் கையை விட்டாள். ஒரு சிட்டிகை எடுத்தாள். கல்சட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் படும்படி தூவினாள். கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றினாள். நீட்டியிருந்த கையில் நிறைய வைத்தாள்.

அல்லி கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

டீச்சர் காத்திருந்தாள். அவசரப்படவில்லை.

"இப்ப எப்படி இருக்கு?"

அல்லி வெகு நேரம் யோசித்தாள்.

"இன்னும் கொஞ்சம் பத்தலம்மா."